மயிரிழை விரிசல்

(நமது சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில், மூத்த உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் எனக்குக் கொடுத்த தலைப்பு 'ஆகாய விமானமும் விண்வெளியும், அன்றும் இன்றும்'. கொடுத்த நேரம் நாற்பது நிமிஷம். ரைட் சகோதரர்கள் 1903-ல் முதன்முதலாகப் பறந்தது பன்னிரண்டு விநாடி. அங்கே ஆரம்பித்து, 2023-ல் சந்திரயான் போய் இறங்கியது வரை சொல்வதென்றால், கணக்குப் போட்டுப் பார்த்தேன், வருஷத்துக்கு இருபது விநாடிதான் கிடைக்கும். அது ஆகிற காரியமில்லை. ஆகையால் தலைப்பைச் சுருக்கிக்கொள்ள அனுமதி கேட்டேன். 'உங்கள் இஷ்டம் சார், டிபனுக்கு முன்னால் முடித்தால் போதும்' என்றார்.

எனவே இன்றைக்கு ஒரே ஒரு விஷயம் பேசப் போகிறேன். விரிசல். உலோகத்தில் விழுகிற விரிசல். முப்பத்து நான்கு வருஷம் இன்ஸ்பெக்‌ஷன் டிபார்ட்மெண்டில் விரிசல் தேடியே சம்பளம் வாங்கியவன் நான். எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். நான் வேலை பார்த்தது பெங்களூரில் அல்ல, வடக்கே. இங்கே முன் வரிசையில் ஹெச்.ஏ.எல்.லிலிருந்தும் இஸ்ரோவிலிருந்தும் ரிடையர் ஆனவர்கள் நாலைந்து பேர் இருக்கிறார்கள். நான் ஏதாவது பிசகாகச் சொன்னால் காபி சமயத்தில் தனியாகச் சொல்லித் திருத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். சபையில் எழுந்து திருத்த வேண்டாம்.

ஜவுளிக் கடையில் பார்த்திருப்பீர்கள். இரண்டரை மீட்டர் துணி கேட்டால், கடைக்காரர் அளந்து, ஓரத்தில் கத்தரியால் சின்னதாக ஒரு வெட்டு வெட்டுவார். பிறகு கத்தரியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் பிடித்து ஒரு இழு இழுப்பார். டர்ரென்று கடைசி வரைக்கும் நேராகக் கிழியும். அந்த வெட்டு இல்லாமல் எத்தனை பலசாலியாலும் அந்தத் துணியைக் கிழிக்க முடியாது. இழுக்கிற பலமெல்லாம் அந்த வெட்டின் முனையில் போய்க் குவிகிறது, அவ்வளவுதான் சூட்சுமம். இன்னொன்றும் உங்களுக்குத் தெரியும். கம்பியை ஒரு தடவை வளைத்தால் ஒடியாது. இப்படியும் அப்படியும் இருபது தடவை வளைத்தால் ஒடிந்து கையில் வரும். இந்த இரண்டையும் ஞாபகத்தில் வைத்துக்கொண்டால் போதும், நான் சொல்லப்போகிற எல்லாமே புரியும்.

உலகத்தில் முதன்முதலில் பிரயாணிகளை ஏற்றிச் சென்ற ஜெட் விமானம் காமெட். இங்கிலாந்தில் டி ஹாவிலாண்ட் கம்பெனி செய்தது. 1952 மே 2-ஆம் தேதி லண்டனிலிருந்து ஜோஹன்னஸ்பர்க் புறப்பட்டது. அது வரைக்கும் விமானம் என்றால் விசிறி வைத்த விமானம்தான். மேகத்துக்குள்ளேயே போகும், உள்ளே இருப்பவர்களைக் குலுக்கி எடுக்கும். காமெட்டோ மேகத்துக்கு மேலே 35,000 அடிக்கும் மேல் போயிற்று. மணிக்கு 700 கிலோமீட்டருக்கு மேல் வேகம். அமெரிக்காக்காரர்களிடம் அப்போது பிரயாணிகள் போகும் ஜெட் கிடையாது. இங்கிலாந்துக்குத் தலைகால் புரியாத பெருமை.

சரியாக ஒரு வருஷம் கழித்து, 1953 மே 2-ஆம் தேதி, ஒரு காமெட் கல்கத்தா டம்டம்மிலிருந்து டில்லிக்குக் கிளம்பியது. கிளம்பிய சில நிமிஷங்களில் இடி மழையில் சிக்கி, காற்றிலேயே உடைந்து விழுந்தது. 43 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. புயல் காற்றின் வேகத்தில் உடைந்தது என்று விசாரணை முடிந்தது. புயல் இருந்தது உண்மைதான். ஆனால் 1954 ஜனவரி 10-ஆம் தேதி, சிங்கப்பூரிலிருந்து லண்டன் போகிற காமெட் ஒன்று ரோமில் ஏறிச் சுமார் இருபது நிமிஷத்தில் எல்பா தீவுக்குப் பக்கத்தில் கடலில் துண்டு துண்டாக விழுந்தது. அன்று புயலும் இல்லை, ஒன்றும் இல்லை. 35 பேர் போனார்கள். எல்லாக் காமெட்டுகளையும் தரையில் நிறுத்தினார்கள். என்ஜினைப் பார்த்தார்கள், தீப்பிடிக்கக்கூடிய இடங்களையெல்லாம் பார்த்தார்கள், தோன்றிய இடத்திலெல்லாம் மாற்றம் செய்தார்கள். மார்ச் 23-ஆம் தேதி மறுபடி பறக்கவிட்டார்கள். ஏப்ரல் 8-ஆம் தேதி, பதினாறே நாளில், ரோமிலிருந்து கெய்ரோ போகிற காமெட் நேப்பிள்ஸ் பக்கத்தில் விழுந்தது. 21 பேர்.

இந்த இடத்தில்தான் விஷயம் இருக்கிறது. காரணம் தெரியாமலேயே பறக்கவிட்டார்கள். 'இதுவாக இருக்கலாம், அதுவாக இருக்கலாம்' என்று எல்லாவற்றையும் சரி செய்துவிட்டு, காரணமும் அதற்குள் அடங்கியிருக்கும் என்று நம்பிவிட்டார்கள். காய்ச்சலுக்குக் காரணம் தெரியாமல் ஆறு மாத்திரையையும் சேர்த்துக் கொடுப்பதுபோல.

நேப்பிள்ஸ் விபத்துக்குப் பிறகு ஃபார்ன்பரோவில் இருந்த அரசாங்க ஆராய்ச்சி நிலையத்திடம் பொறுப்பை ஒப்படைத்தார்கள். அதன் தலைவர் ஆர்னால்ட் ஹால், அப்போது அவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. எல்பா பக்கத்துக் கடலடியிலிருந்து கப்பற்படை பொறுக்கிக்கொண்டு வந்த துண்டுகளை ஒரு பெரிய கொட்டகையில், மரச் சட்டத்தின் மேல், எது எங்கே இருந்ததோ அங்கே பொருத்தினார்கள். இன்னொரு பக்கம், ஓடிக்கொண்டிருந்த ஒரு காமெட்டை அப்படியே கொண்டுவந்து பெரிய தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கினார்கள். இறக்கைகள் இரண்டும் தொட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

தண்ணீர் எதற்கு? விமானம் மேலே போகும்போது வெளியே காற்று மெலிந்து போகிறது. உள்ளே நாம் மூச்சுவிட வேண்டுமானால் காற்றை அடைத்து வைக்க வேண்டும். ஆகவே ஒவ்வொரு தடவை ஏறும்போதும் விமானத்தின் உடம்பு லேசாக உப்பும், இறங்கும்போது சுருங்கும். நம் பிரஷர் குக்கர் மாதிரிதான். தரையில் காற்றை அடைத்துச் சோதித்தால், எங்கேயாவது விட்டுப்போகிற சமயத்தில் குண்டு வெடித்த மாதிரி எல்லாம் சிதறிப் போகும், எங்கே ஆரம்பித்தது என்றே தெரியாது. தண்ணீரில் அந்த வம்பு இல்லை. விட்டுப்போன இடத்தோடு நின்றுவிடும். ஆகவே தண்ணீரைப் பம்ப் செய்து உப்பவைப்பது, வடியவைப்பது, உப்பவைப்பது, வடியவைப்பது. ஒரு தடவை செய்தால் ஒரு பிரயாணம் போய்வந்த கணக்கு. இரவும் பகலும் இதே வேலை.

அந்த விமானம் ஏற்கெனவே நிஜமாகப் பறந்தது 1,221 தடவை. தொட்டியில் 1,836 தடவை. மொத்தம் 3,057 ஆனபோது உடம்பு பிளந்தது. தண்ணீரை வடித்துவிட்டுப் பார்த்தால், அவசர வழியாக வைத்திருந்த ஜன்னலின் மூலையில், ஒரு ஆணித் துளையின் ஓரத்தில் ஆரம்பித்திருக்கிறது. ஜவுளிக்கடைக்காரரின் கத்தரி வெட்டு! பிறகு எல்பா துண்டுகளிலும் தேடினார்கள். அதில் கூரையில், ரேடியோ ஆண்டெனாவுக்காக வெட்டியிருந்த திறப்பின் மூலையில் ஆரம்பித்திருந்தது. அந்த விமானம் 1,290 தடவை பறந்திருந்தது. நேப்பிள்ஸில் விழுந்தது 900 தடவைதான். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள், இது காற்று ஊதி அலுமினியம் தேய்ந்த கதை.

அப்படியானால் கம்பெனிக்காரர்கள் முன்னாலேயே சோதித்துப் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். பார்த்தார்கள். நான் இருபது வருஷமாகப் பயிற்சிக்கு வந்த பையன்களுக்கெல்லாம் சொல்லிவந்தது இந்த இடம்தான். ஒரு மாதிரி உடம்பை எடுத்து 16,000 தடவை உப்பவைத்துச் சுருக்கிப் பார்த்தார்கள். நன்றாகத் தாங்கியது. ஆனால் அதே மாதிரியைத்தான், அதற்கு முன்னால், பலம் எவ்வளவு என்று பார்ப்பதற்காக, இரண்டு மடங்கு அழுத்தம் கொடுத்து உப்பவைத்திருந்தார்கள். அந்த அதிக அழுத்தத்தில் மூலைகளில் உலோகம் லேசாக இழுபட்டு, தளர்ந்து உட்கார்ந்துவிட்டது. அதனால் அந்த ஒரு உடம்பு மட்டும் மற்ற எல்லா விமானத்தையும்விட நீண்ட ஆயுளோடு இருந்தது! சோதனையில் தேறியது வேறு, ஆகாயத்தில் பறந்தது வேறு. யாரும் ஏமாற்றவில்லை. நல்ல எண்ணத்தோடு செய்த சோதனையே கண்ணை மறைத்துவிட்டது.

கண்டுபிடித்ததை 1954 கடைசியில் பகிரங்க விசாரணையில் வைத்தார்கள். போட்டிக் கம்பெனிகளும் படித்துக்கொண்டன. டி ஹாவிலாண்ட் திருத்திய காமெட் 1958 அக்டோபர் 4-ஆம் தேதி அட்லாண்டிக்கைத் தாண்டிப் பறந்தது. அதே மாதம் 26-ஆம் தேதி அமெரிக்காவின் போயிங் 707 வந்தது. அதோடு வியாபாரம் அந்தப் பக்கம் போய்விட்டது. உலகத்துக்கே பாடம் சொல்லிக்கொடுத்தவர்களுக்குக் கல்லா நிறையவில்லை. இது நியாயமா என்றால் எனக்குப் பதில் தெரியாது.

இன்னொரு விஷயத்தைப் போகிறபோக்கில் சொல்லிவிடுகிறேன். இந்தக் காமெட் விபத்துகளை ஆராய்ந்த குழுவில் உதவி செய்த டேவிட் வாரன் என்ற ஆஸ்திரேலியர், கடைசி நிமிஷத்தில் விமானிகள் என்ன பேசினார்கள் என்று தெரிந்தால் எவ்வளவு ஸௌகர்யமாக இருக்கும் என்று யோசித்ததில் பிறந்ததுதான் இன்றைய கறுப்புப் பெட்டி. அதன் நிறம் கறுப்பு அல்ல, ஆரஞ்சு. இது எல்லோருக்கும் தெரியும், இருந்தாலும் சொல்லாமல் விட மனசு வரவில்லை.

இப்போது என் சொந்தக் கதை ஒன்று. என் மனைவியைத் தவிர வேறு யாரிடமும் சொன்னதில்லை. அவளிடமும் ரிடையர் ஆன பிறகுதான் சொன்னேன்.

1974. வேலையில் சேர்ந்து இரண்டாவது வருஷம். எங்கள் தொழிற்சாலையின் பெயர் வேண்டாம். சின்னச் சின்னத் தாங்கு பாகங்கள், உள்ளங்கை அகலம் இருக்கும், அவற்றில் விரிசல் இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. கண்ணுக்குத் தெரியாத விரிசலைப் பார்க்க ஒரு சிவப்புச் சாயம் உண்டு. பாகத்தைச் சுத்தம் செய்து சாயத்தைத் தடவிவிட்டுக் காத்திருக்க வேண்டும். விரிசல் இருந்தால் சாயம் அதற்குள் மெதுவாக இறங்கும். பிறகு மேலே இருப்பதைத் துடைத்துவிட்டு, வெள்ளைப் பவுடர் தூவினால், உள்ளே போன சாயம் திரும்பி வெளியே கசிந்து, வெள்ளையில் சிவப்புக் கோடாகத் தெரியும். கோலத்தில் செம்மண் இட்டமாதிரி. இதில் முக்கியம் காத்திருப்பது. எங்கள் இடத்தில் இருபது நிமிஷம் என்று விதி. குறைத்தால் சாயம் இறங்கியிருக்காது. விரிசல் இருந்தாலும் வெள்ளையாகவே நிற்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். என் தங்கைக்குத் திங்கட்கிழமை கல்யாணம், கும்பகோணம் பக்கத்தில் எங்கள் கிராமத்தில். ஏழு மணி ரயிலைப் பிடிக்க வேண்டும். கடைசி லாட்டில் 42 உருப்படிகள். இருபது நிமிஷம் நிற்கவில்லை. ஐந்து அல்லது ஆறு நிமிஷம் நின்றிருப்பேன். துடைத்தேன், பவுடர் போட்டேன், வெள்ளையாக இருந்தது, 42-க்கும் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடினேன்.

ரயிலில் ஏறும் வரைக்கும் ஒன்றும் தோன்றவில்லை. இரவு படுத்த பிறகு, கடிகாரம் கண் முன்னால் வந்தது. இரண்டு ராத்திரி தூங்கவில்லை. திரும்பிப் போய்ச் சொன்னால் வேலை போகலாம், இன்னும் ப்ரொபேஷன் முடியவில்லை. சொல்லாவிட்டால் யாருக்குமே தெரியாது. லாட் செவ்வாய்க்கிழமை ஸ்டோரிலிருந்து வெளியே போகும். போன பிறகு எது எங்கே பொருத்தப்பட்டது என்று தேடுவது பெரும்பாடு. எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், நூற்றில் தொண்ணூற்றொன்பது விரிசலே இருக்காது என்று. அது பொய்யும் இல்லை.

திங்கட்கிழமை காலையில் மாங்கல்யதாரணம் ஆயிற்று. எல்லோரும் சாப்பிட இலைக்கு எழுந்தார்கள். நான் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். அப்பா வந்து, 'ஏண்டா, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?' என்றார். சொல்லிவிட்டேன். அப்பாவுக்கு விமானமும் தெரியாது, விரிசலும் தெரியாது. அவர் அந்த ஊர் சப் போஸ்ட் மாஸ்டர். முழுக்கக் கேட்டுவிட்டு, 'தெரிஞ்சப்புறம் இங்க எதுக்குடா உக்காந்துண்டிருக்கே?' என்றார். அவ்வளவுதான். கன்னிகாதானம் செய்த பஞ்சகச்சத்தோடேயே என்னை அழைத்துக்கொண்டு போஸ்ட் ஆபீஸுக்குப் போனார். 'அந்த லாட்டை வெளியே விட வேண்டாம், கடிதம் பின்னால் வருகிறது' என்ற அர்த்தத்தில் தந்தி. அவர் கையாலேயே அடித்தார். கட்டணத்தை இடுப்பு முடிச்சிலிருந்து எண்ணிப் பெட்டியில் போட்டு, ரசீதும் எழுதினார். அன்று ராத்திரியே நான் கிளம்பிவிட்டேன். தங்கையின் நலங்கைப் பார்க்கவில்லை. அவளுக்கு இன்றைக்கும் அந்தக் கோபம் உண்டு. காரணம் இந்தப் பத்திரிகையைப் படித்துத்தான் தெரிந்துகொள்ளப் போகிறாள்.

என் மேலதிகாரி ஒரு பெங்காலிக்காரர். நான் போய் நின்றபோது ஒரு வார்த்தை திட்டவில்லை. 42 உருப்படியையும் மேஜையில் அடுக்கி வைத்திருந்தார். 'உட்கார், திரும்பப் பார்' என்றார். முதலிலிருந்து சுத்தம் செய்து, ஒவ்வொரு தட்டுக்கும் இருபது நிமிஷம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்றிலும் விரிசல் இல்லை. 42-ம் சுத்தம். 'அப்பாடா' என்று எழுந்தேன். அவர் ரிஜிஸ்டரைத் திறந்து, நடந்தது அத்தனையும் நாலு வரியில் தன் கையெழுத்தில் எழுதி, தந்திக் காகிதத்தைப் பக்கத்தில் ஒட்டி, என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். 'ஒன்றுமே இல்லையே சார், இதை எழுத வேண்டுமா?' என்று கேட்டேன். 'உருப்படியில் ஒன்றும் இல்லை' என்றார். அந்த வருஷம் என் இன்க்ரிமெண்ட் நின்றது. மனைவியிடம் இதைச் சொன்னபோது, 'கல்யாணத்துக்கு முன்னாடியே இதைச் சொல்லியிருக்கலாமே' என்றாள். சொல்லியிருந்தால் உங்கப்பா பெண்ணைக் கொடுத்திருப்பாரா என்று கேட்டேன். யோசித்துவிட்டு, 'சந்தேகம்தான்' என்றாள்.

என் கதை போகட்டும். ராக்கெட்டுக்கு வருவோம்.

1979 ஆகஸ்ட் 10-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எஸ்.எல்.வி-3 புறப்பட்டது. நம் நாடே செய்த முதல் செயற்கைக்கோள் ராக்கெட். 22 மீட்டர் உயரம், 17 டன் எடை. முதல் அடுக்கு சரியாக வேலை செய்தது. இரண்டாவது அடுக்கில் கட்டுப்பாடு போய், 317 விநாடியில் எல்லாம் முடிந்து, வங்காள விரிகுடாவில் விழுந்தது. இரண்டாவது அடுக்கைத் திருப்புகிற அமைப்புக்கு வேண்டிய நைட்ரிக் அமிலம், ஒரு வால்வு சரியாக மூடாததால் கசிந்து போயிருந்தது. கசிவு பறப்பதற்கு முன்னாலேயே தெரியவும் தெரிந்தது. கம்ப்யூட்டர் நிறுத்தச் சொன்னதையும், கையிருப்பு போதும் என்று நிபுணர்கள் சொன்னதை ஏற்றுத் தாம் மேலே போகச் சொன்னதையும், அப்துல் கலாம் பிற்காலத்தில் மேடை மேடையாக மாணவர்களிடம் சொன்னார். அன்று பத்திரிகைக்காரர்கள் முன்னால் போய் நின்றவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். தோல்விக்குப் பொறுப்பு என்னுடையது என்றார். 1980 ஜூலை 18-ஆம் தேதி அதே எஸ்.எல்.வி-3 ரோகிணியைச் சுற்றுப்பாதையில் கொண்டு சேர்த்தபோது, பத்திரிகைக்காரர்களிடம் பேசக் கலாமை அனுப்பினார். இந்தப் பாதி கதை எல்லோருக்கும் தெரியும், வாட்ஸ்அப்பில் வாரத்துக்கு ஒரு தடவை வருகிறது.

வராத பாதி ஒன்று உண்டு. தோல்விக்குப் பின் நடந்த பரிசீலனைக் கூட்டத்தில், எல்லோரும் வால்வு, தூசி, அமிலம் என்று விஞ்ஞானபூர்வமாக விளக்கம் சொல்லி முடித்த பிறகு, கலாம் எழுந்து, கசிவு தெரிந்தும் அதைச் சின்ன விஷயம் என்று நினைத்தது நான், நிறுத்தியிருக்க வேண்டியவன் நான் என்று சொன்னார். 'அக்கினிச் சிறகுகள்' புத்தகத்தில் அவரே எழுதியிருக்கிறார். தவான் செய்ததைவிட எனக்கு இது பெரிதாகப் படுகிறது. தலைவர் பழியை ஏற்றுக்கொள்ளத் தயாராக நிற்கும்போது, அந்த நிழலில் பேசாமல் உட்கார்ந்திருப்பது ரொம்ப சுலபம்.

பேசியும் பலிக்காத இடமும் உண்டு. 1986 ஜனவரி 28, அமெரிக்காவின் சேலஞ்சர். அன்று கடுங்குளிர். பக்கத்து ராக்கெட்டின் இணைப்புகளில் இருந்த ரப்பர் வளையம் குளிரில் விறைத்துப் போகும், பறக்கவிட வேண்டாம் என்று அதைச் செய்த கம்பெனியின் என்ஜினீயர்கள் முதல் நாள் ராத்திரியே டெலிபோனில் மன்றாடினார்கள். ரோஜர் பாய்ஜோலி அவர்களில் ஒருவர். மேலே இருந்தவர்கள் கேட்கவில்லை. 73 விநாடியில் ஏழு பேர் போனார்கள், அதில் ஒரு பள்ளிக்கூட ஆசிரியையும் உண்டு. குக்கர் காஸ்கெட் விறைத்துப் போனால் வீட்டில் மாமி உடனே மாற்றிவிடுகிறாள். அவளுக்கு மேலதிகாரி கிடையாது.

கம்ப்யூட்டருக்கும் கிடையாது. 2001 மார்ச் 28-ஆம் தேதி ஜி.எஸ்.எல்.வி. முதல் தடவையாகக் கிளம்ப வேண்டியது. பக்கவாட்டு என்ஜின்கள் நான்கும் எரிய ஆரம்பித்துவிட்டன. புகையும் நெருப்பும் டி.வி.யில் பார்த்தோம். கிளம்ப ஒரே விநாடி இருக்கும்போது, நாலில் ஒன்றுக்குப் போதுமான வேகம் வரவில்லை என்று கம்ப்யூட்டர் தானாகவே எல்லாவற்றையும் அணைத்துவிட்டது. என் வீட்டில் எல்லோரும் 'போச்சு' என்றார்கள். நான் ஒருவன்தான் கை தட்டினேன். ராக்கெட் முழுசாக நின்றுகொண்டிருந்தது. 21 நாளில், ஏப்ரல் 18-ஆம் தேதி, அதே ராக்கெட் கிளம்பியது. 1979-ல் மனிதன் கம்ப்யூட்டரை மீறினான். 2001-ல் மீற முடியாதபடி கட்டி வைத்திருந்தார்கள்.

ஜி.எஸ்.எல்.வி.யின் மேல் அடுக்குதான் கிரையோஜெனிக். மைனஸ் 253 டிகிரியில் திரவமாக இருக்கும் ஹைட்ரஜன் எரிபொருள். நாமே செய்த அந்த என்ஜின் 2010 ஏப்ரல் 15-ஆம் தேதி முதல் தடவை பறந்து தோற்றது. மூன்று வருஷம் கழித்து, 2013 ஆகஸ்ட் 19-ஆம் தேதி மறுபடி நிறுத்தினார்கள். கிளம்ப 74 நிமிஷம் இருக்கும்போது கசிவு தெரிந்தது. கிரையோஜெனிக்கில் அல்ல, அதற்குக் கீழே இரண்டாவது அடுக்கின் எரிபொருள் தொட்டியில். எத்தனையோ தடவை பறந்து பழகின அடுக்கு, யாருமே சந்தேகப்படாத இடம். நிறுத்திவிட்டார்கள். ராக்கெட்டைத் திரும்ப ஷெட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார்கள்.

தொட்டியை அறுத்துப் பார்த்தால், விரிசல்! அந்த அலுமினியக் கலவைக்கே ஒரு குணம் உண்டு. நாள் ஆக ஆக, உள்ளே தேங்கியிருக்கும் இழுவிசையும் சுற்றியுள்ள ஈரமும் சேர்ந்து, பறக்காமல் சும்மா நின்றாலே விரிசல் விடும். தொட்டியை மட்டும் ஒட்டுப்போட்டுவிட்டு ஒரு மாதத்தில் பறக்க விட்டிருக்கலாம் என்று நம்மில் யாருக்கும் தோன்றும். அவர்கள் கலவையையே மாற்றி, வேறு அலுமினியத்தில் புதுத் தொட்டி செய்தார்கள். 2014 ஜனவரி 5-ஆம் தேதி பறந்தது. 1,982 கிலோ எடையுள்ள ஜிசாட்-14 போய்ச் சேர்ந்தது. கிரையோஜெனிக் என்ஜினும் குறை வைக்கவில்லை. பிறகு சந்திரயான்-3 போனது இதைவிடப் பெரிய வண்டியில். அதன் மேல் அடுக்கும் கிரையோஜெனிக்தான். விழுப்புரத்துப் பிள்ளை வீரமுத்துவேல் அதற்குத் திட்ட இயக்குநர் என்பது உங்களுக்குத் தெரியும், அதைப் பற்றிப் பேச இன்னொரு கூட்டம் வைக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. 2025 ஜூன் மாதம், நம் சுபான்ஷு சுக்லா அமெரிக்காவிலிருந்து சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் புறப்பட வேண்டியவர். 1984-ல் ராகேஷ் ஷர்மா போன பிறகு 41 வருஷம் கழித்து ஒரு இந்தியர். 11-ஆம் தேதி கிளம்புவதாக இருந்தது. ஃபால்கன் ராக்கெட்டில் திரவ ஆக்ஸிஜன் கசிவு தெரிந்ததால் தள்ளிப்போயிற்று. பத்திரிகையில் இரண்டு வரி போட்டார்கள். இஸ்ரோ தலைவர் நாராயணன் அப்போது அங்கேயே இருந்தார். கன்னியாகுமரி ஜில்லாக்காரர், ஆயுள் முழுவதும் கிரையோஜெனிக் என்ஜினிலேயே உழன்றவர். முழுக்கச் சரி செய்து, சோதித்துக் காட்டிய பிறகுதான் போகலாம் என்று நம்மவர்கள் வற்புறுத்தியதாகவும், பார்த்தபோது குழாயில் விரிசல் இருந்ததாகவும், அப்படியே போயிருந்தால் பெரிய விபரீதமாகியிருக்கும் என்றும், சுக்லா பத்திரமாகத் திரும்பிய பிறகு அவர் சொன்னார். ஜூன் 25-ஆம் தேதி கிளம்பி, ஜூலை 15-ஆம் தேதி சுக்லா கடலில் இறங்கினார்.

வேறு நாட்டு ராக்கெட், வேறு நாட்டு மண். நாம் அங்கே காசு கொடுத்து டிக்கெட் வாங்கின பிரயாணி. டிக்கெட் வாங்கினவன், 'உங்கள் குழாயைத் திறந்து காட்டுங்கள்' என்று கேட்பது எவ்வளவு கூச்சமான காரியம் என்று யோசித்துப் பாருங்கள். கல்யாண வீட்டில் சாம்பார் ருசியில்லை என்று சொல்லவே நாம் எத்தனை தயங்குகிறோம்! அன்று ராத்திரி செய்தியைப் படித்துவிட்டு, எனக்கு அந்த பெங்காலிக்காரரின் ரிஜிஸ்டர்தான் ஞாபகம் வந்தது. அந்தத் தந்திக் காகிதம் இன்னும் அதில் ஒட்டிக்கொண்டிருக்குமா, கரையான் தின்றிருக்குமா, தெரியாது.

நேரமாகிவிட்டது, செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். ஒரு கேள்விக்கு இடம் கொடுத்திருக்கிறார்.

(முன் வரிசையிலிருந்து ஒரு மாமி: 'அடுத்த மாசம் பொண்ணோட பிரசவத்துக்கு நியூஜெர்ஸி போறேன். நீங்க சொன்னதெல்லாம் கேட்டப்புறம் ஜன்னல் பக்கம் உக்காரவே பயமா இருக்கே?')

தாராளமாக ஜன்னல் பக்கமே உட்காருங்கள் மாமி. மூலையை மட்டும் கையால் தடவிப் பாருங்கள், வழவழவென்று வளைந்திருக்கும். அந்த 1,836 தடவை தண்ணீர் இறைத்ததன் பலனை அதில் தொட்டே பார்க்கலாம். இன்னொன்று. பெரும்பாலான விமானங்களில் கண்ணாடியின் கீழ்ப் பக்கத்தில் குண்டூசி முனை அளவு ஒரு துளை தெரியும். வெளிக் கண்ணாடி அழுத்தத்தைத் தாங்கவேண்டும் என்பதற்காக, நடுக் கண்ணாடியில் வேண்டுமென்றே போட்ட துளை அது. விரிசல் இல்லை. பயந்துபோய் ஏர் ஹோஸ்டஸைக் கூப்பிட்டுவிடாதீர்கள்.